விளிம்பு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

“சோபெல் போட்டாச்சு, கேனியும் போட்டாச்சு, விளிம்பு மட்டும் ஒழுங்கா வரல.” படத்தில் வெளிச்சம் சட்டென்று மாறும் இடம்தான் விளிம்பு; அதைக் கணினியில் கண்டுபிடிக்கும் இரண்டு முறைகள் சோபெலும் கேனியும். கல்லூரி புராஜெக்டிலும் சரி, கேமரா வைத்துப் பொருளைச் சோதிக்கும் பட்டறையிலும் சரி, இந்தப் புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சொல்கிறவர் அதற்குள் திரெஷோல்டை (எவ்வளவு மாற்றம் இருந்தால் விளிம்பு என்று எண்ணும் எல்லை எண்ணை) ஏற்றி, இறக்கி, அலுத்துப் போயிருப்பார். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. அதற்கு முந்தைய படிகளில், டேட்டா டைப்பிலோ (பிக்சல் எண்ணைச் சேமிக்கும் வகை) படத்தின் அளவிலோ விளக்கு வெளிச்சத்திலோ இருக்கும். அதனால் இந்தக் குறிப்பு முழுக்க ஒரே ஒழுங்கு: கிரேடியன்டை, அதாவது பிக்சலுக்குப் பிக்சல் வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்பதை, முதலில் எண்ணாகப் பார்ப்பது, திரெஷோல்டைக் கடைசியில் தொடுவது.

பைத்தான் மொழியும், படங்களை ஆராயும் நிரல் நூலகமான ஓபன்சிவியும் வைத்துச் சொல்கிறேன். வேறு நூலகம் வைத்திருப்பவர்களுக்கு எங்கெங்கே மாறும் என்பதை அங்கங்கே குறித்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கைக்காசு போகும் காரணம் கடைசியில்.

## எதையும் தொடுவதற்கு முன்: சோதனைச் சதுரம்

உங்கள் படத்தை ஓரமாக வையுங்கள். 200-க்கு 200 பிக்சலில் ஒரு கிரேஸ்கேல் படத்தை (நிறமில்லாதது; 0 கறுப்பு, 255 வெள்ளை) நிரலிலேயே உருவாக்குங்கள். பின்னணி முழுக்க 50, நடுவில் ஒரு சதுரம் மட்டும் 150. இதை 3-க்கு 3 சோபெலில் போடுங்கள்.

விடை என்ன வரவேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். பக்கத்துப் பிக்சல்களைப் பெருக்கிக் கூட்டும் சிறு எடை அட்டவணைக்குக் கெர்னல் என்று பெயர். சோபெல் கெர்னலின் ஒரு பக்க எடைகள் 1, 2, 1, கூட்டினால் 4. சதுரத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் 100. ஆகவே எக்ஸ் திசையில் சதுரத்தின் இடது பக்கம் +400, வலது பக்கம் −400. ஒய் திசையில் மேல் பக்கம் +400, கீழ்ப் பக்கம் −400. ஒவ்வொரு பக்கத்திலும் இந்த எண் 2 பிக்சல் அகலத்துக்கு நிற்கும். மூலைகளில் கொஞ்சம் மாறும். மற்ற இடமெல்லாம் 0.

இந்த எண்கள் வராவிட்டால் நிரலில் பிழை. எண்கள் சரியாக வந்தும் உங்கள் படத்தில் விளிம்பு வரவில்லை என்றால் கோளாறு படத்தில். இந்த ஒரு பிரிப்பே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து உங்கள் சொந்தப் படத்தில் சில எண்களை அச்சிட்டுப் பாருங்கள்: கிரேஸ்கேலின் டேட்டா டைப், அதன் மிகக் குறைந்த, மிக அதிக மதிப்பு, எக்ஸ் திசை கிரேடியன்டின் மிகக் குறைந்த, மிக அதிக மதிப்பு, கிரேடியன்ட் அளவின் 50, 90, 99-ஆம் பெர்சென்டைல் (99-ஆம் பெர்சென்டைல் என்றால் 99 சதவீதப் பிக்சல்கள் அந்த எண்ணுக்குக் கீழே). கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த எண்களைப் பார்த்த உடனேயே பிடிபடும்.

## அறிகுறி: பொருளின் ஒரு பக்க விளிம்பு மட்டும் வருகிறது

டேட்டா டைப். நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். சோபெல் ஃபங்ஷனில் வெளியீட்டு ஆழம் என்று கேட்கும் இடத்தில் −1 கொடுத்திருப்பார்கள். ‘உள்ளே வந்த படத்தின் டைப்பே வெளியேயும் போதும்’ என்று அதற்கு அர்த்தம். உள்ளே வந்தது 8-பிட் குறியில்லா எண் என்றால் 0-க்குக் கீழே இடமே இல்லை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் விளிம்பு +400 ஆக வந்து 255-இல் வெட்டுப்படும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் விளிம்பு −400 ஆக வந்து 0 ஆகிவிடும், அதாவது காணாமல் போகும். சோதனைச் சதுரத்தில் வலது பக்கமும் கீழ்ப் பக்கமும் மறைந்திருந்தால் காரணம் இதுவேதான்.

சரிசெய்ய: வெளியீட்டை 32 அல்லது 64-பிட் ஃபிளோட்டாக வாங்குங்கள். அப்புறம் குறியை நீக்குங்கள் அல்லது இரு திசைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுங்கள். 8-பிட்டுக்கு மாற்றுவது கடைசிப் படி, அதுவும் திரையில் பார்ப்பதற்கு மட்டும்.

நம்பையில் (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) நேரடிக் கழித்தல். பக்கத்துப் பிக்சலைக் கழித்துத் தாங்களே கிரேடியன்ட் எழுதுகிறவர்களுக்கு வரும் கோளாறு. 8-பிட் குறியில்லா எண்ணில் 10-இலிருந்து 20-ஐக் கழித்தால் −10 வராது, 246 வரும். இங்கே விளிம்பு மறையாது. சமதளத்தில்கூட வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். கழிப்பதற்கு முன்பே ஃபிளோட்டுக்கு மாற்றுங்கள்.

ஒரு திசை மட்டும் எடுத்திருப்பது. செங்குத்து விளிம்புகள் எல்லாம் இருக்கின்றன, கிடை விளிம்பு ஒன்றுகூட இல்லை என்றால் எக்ஸ் திசையை மட்டும் எடுத்திருக்கிறீர்கள்.

இரண்டு திசைக்கும் சேர்த்து 1, 1 கொடுப்பது. எக்ஸ், ஒய் இரண்டும் வேண்டும் என்று நினைத்து ஒரே அழைப்பில் இரண்டுக்கும் 1 கொடுப்பவர்கள் நிறைய. அது இரு திசைக் கிரேடியன்டைக் கூட்டித் தராது. கலப்பு இரண்டாம் வகைக்கெழுவைத் தரும். சோதனைச் சதுரத்தில் பக்கங்கள் எல்லாம் மறைந்து நான்கு மூலைகள் மட்டும் புள்ளியாக நின்றால் இதுதான் காரணம். இரண்டு தனித்தனி அழைப்புகளாகப் பிரியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் ஒரு பக்கம் மங்கல் என்றால் நிஜமாகவே வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது. கீழே நிழல் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: முழுக்க வெள்ளை, அல்லது முழுக்கக் கறுப்பு

முழு வெள்ளை என்றால் முதலில் காட்டும் விதத்தைச் சந்தேகியுங்கள். ஓபன்சிவியின் காட்சிச் சாளரம் ஃபிளோட் படத்தை 0 முதல் 1 வரை என்று எடுத்துக்கொண்டு 255-ஆல் பெருக்கிக் காட்டும். சோபெல் விடையில் 1-ஐத் தாண்டிய எதுவும் பளிச்சென்று வெள்ளைதான். கணக்கில் பிழை இல்லை. அளவின் உச்சத்தால் வகுத்துவிட்டுக் காட்டுங்கள். மேட்பிளாட்லிப்பில் (பைத்தானின் வரைபட நூலகம்) பார்ப்பவர்களுக்கு இதற்கு நேரெதிர்: அது தானாகவே உச்சத்துக்கு ஏற்றபடி அளவைச் சுருக்கிக்கொள்ளும், ஒரே ஒரு பிக்சலில் பெரிய எண் இருந்தாலும் மற்றதெல்லாம் கறுத்துவிடும். 99-ஆம் பெர்சென்டைலை உச்சமாக வைத்துப் பாருங்கள்.

முழுக் கறுப்பு என்றால் இந்த வரிசையில் தேடுங்கள். படம் 0 முதல் 1 வரையிலான ஃபிளோட்டாக இருந்து, அதை அப்படியே 8-பிட்டுக்கு மாற்றியிருந்தால், ஏறத்தாழ எல்லாப் பிக்சலும் 0 ஆகியிருக்கும். மாற்றும் முன் 255-ஆல் பெருக்க வேண்டும். அடுத்தது தொழிற்சாலைக் கேமராக்காரர்களுக்கு வரும் சிக்கல்: 12-பிட் கேமரா தரும் படம் 16-பிட் கோப்பில் உட்கார்ந்திருக்கும், அதன் உச்சம் 4095-தான். 16-பிட் என்று நம்பி 256-ஆல் வகுத்தால் மொத்தப் படமும் 0 முதல் 15-க்குள் சுருங்கிவிடும், கிரேடியன்டும் அதே விகிதத்தில் சுருங்கும். 16-ஆல் வகுங்கள். வகுக்காமலே 8-பிட்டுக்கு மாற்றினால் வேறொரு விநோதம் வரும்: 255-ஐத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எண் 0-க்குத் திரும்பிவிடுவதால், சமமாக மாறும் வெளிச்சத்தில் உயரக்கோட்டு வரைபடம் போல வளையம் வளையமாகப் பொய் விளிம்புகள் எழும். அந்த வளையங்களைப் பார்த்தாலே டைப் மாற்றத்தில் பிழை என்று தீர்மானித்துவிடலாம்.

ஸ்கிகிட்-இமேஜ் என்ற இன்னொரு பட நூலகத்திலிருந்து ஓபன்சிவிக்கோ, அங்கிருந்து இங்கேயோ நிரலை மாற்றியவர்கள் திரெஷோல்டின் அலகையும் பாருங்கள். 0.1, 0.2 என்பது ஸ்கிகிட்-இமேஜில் பொருத்தமான மதிப்பு; ஓபன்சிவியில் ஏறத்தாழ எல்லாப் பிக்சலையும் உள்ளே விட்டுவிடும்.

## அறிகுறி: எங்கு பார்த்தாலும் புள்ளியும் புழுவுமாக விளிம்பு

இரைச்சல்தான், அதாவது பிக்சல் மதிப்புகளின் தற்செயலான ஆட்டம். ஆனால் எந்த வகை இரைச்சல் என்று தெரியாமல் பிளரை (படத்தை மங்கலாக்குவதை) கூட்டிக்கொண்டே போனால் நல்ல விளிம்பும் சேர்ந்து கரையும். அதனால் அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

அளக்கும் முறை. படத்தில் எந்த வேலைப்பாடும் இல்லாத ஒரு சமதளத்தை, வெற்றுச் சுவரையோ தாளின் வெள்ளையையோ, 50-க்கு 50 பிக்சல் வெட்டியெடுத்து அதன் திட்டவிலக்கத்தைப் பாருங்கள். அது 10 என்று வைத்துக்கொள்வோம். சோபெல் எடைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 12 வரும்; அதன் மூலம் 3.46. பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பில்லாத இரைச்சல் என்றால், ஒரு திசைக் கிரேடியன்டில் அது 35 அளவுக்கு ஆடும். அந்த ஆட்டம் மூன்று மடங்கு வரை, அதாவது 100 வரை, சாதாரணமாகவே எழும். கேனிக்கு மேல், கீழ் என்று இரண்டு திரெஷோல்டுகள் உண்டு. கீழ்த் திரெஷோல்டை 50-இல் வைத்துக்கொண்டு ‘ஏன் புள்ளி வருகிறது’ என்று கேட்டால் பதில் இந்த எண்ணிலேயே இருக்கிறது.

காரணம் 1: பிளரே போடாதது. கேனியின் முறையில் முதல் படியே காசியன் பிளர் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். ஓபன்சிவியின் கேனி ஃபங்ஷன் அந்தப் பிளரைத் தானாகச் செய்வதில்லை. நீங்கள்தான் முன்னால் போட வேண்டும். ஸ்கிகிட்-இமேஜின் கேனி தானாகவே சிக்மா 1-இல் பிளர் செய்துவிடும் (சிக்மா என்பது பிளர் எவ்வளவு தூரம் பரவும் என்பதன் அளவு). ஒரே படம் இரண்டிலும் இரண்டு விதமாக வருவதற்கு முதல் காரணம் இது.

காரணம் 2: பிளர் போதாதது. கெர்னல் 5-க்கு 5, சிக்மா 0 என்று கொடுத்தால் ஓபன்சிவி தானே கணக்கிட்டு சிக்மா 1.1 எடுத்துக்கொள்ளும். 3-க்கு 3 என்றால் 0.8. இருட்டில் எடுத்த படத்துக்கு இவை போதாது. சிக்மாவை நீங்களே கொடுங்கள். 1.5, 2 என்று ஏற்றுங்கள், கெர்னலின் அகலத்தை சிக்மாவின் 6 மடங்குக்குக் குறையாமல் ஒற்றைப்படையில் வையுங்கள்.

பிளரை ஏற்றினால் திரெஷோல்டையும் இறக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சோதனைச் சதுரத்தில் 400 இருந்த விளிம்பு, சிக்மா 2 பிளருக்குப் பிறகு சுமார் 150-க்கு வந்துவிடும். மறுபுறம், 35 இருந்த இரைச்சல் ஆட்டம் சுமார் 4-க்கு விழும். விளிம்பு பாதிக்கும் கீழே குறைந்தாலும் இரைச்சலைவிட அது நிற்கும் உயரம் மும்மடங்கு கூடியிருக்கிறது. பழைய திரெஷோல்டை அப்படியே விட்டுவிட்டு, ‘பிளர் போட்டால் விளிம்பே போய்விடுகிறது’ என்று பிளரைக் கைவிடுவது நியாயமில்லை.

காரணம் 3: உப்பும் மிளகும். தனித்தனிப் பிக்சல் 0 அல்லது 255 ஆகத் தெறித்திருந்தால் காசியன் உதவாது. புள்ளியைக் கரைத்துப் பொட்டாக்கிவிடும். 3-க்கு 3 மீடியன் ஃபில்டர் (சுற்றியுள்ள மதிப்புகளில் நடுமதிப்பை எடுப்பது) முதலில், காசியன் பிறகு.

காரணம் 4: தொலைபேசிப் படம். தொலைபேசிக் கேமரா தனக்குள்ளேயே இரைச்சலை நீக்கி, பிறகு கூர்மைப்படுத்தித் தருகிறது. மிச்சமிருக்கும் இரைச்சல் பக்கத்துப் பிக்சல்களோடு ஒட்டித் திட்டுத் திட்டாக இருக்கும். மேலே சொன்ன கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. இதற்கு நல்ல மருந்து அளவைச் சுருக்குவது. 4000-க்கு 3000 படத்தை 1000-க்கு 750 ஆக, பரப்புச் சராசரி முறையில் சுருக்குங்கள். இரைச்சலும் குறையும், பல பிக்சலுக்குப் பரவிக் கிடந்த விளிம்பும் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் செங்குத்தாகும். தாளின் நான்கு மூலைகளைத் தேடும் வேலைக்கு 4000 பிக்சல் எதற்கும் தேவையில்லை.

காரணம் 5: வெளிச்சம் போதாதது. பொருள் அசையாது என்றால் செலவில்லாமல் ஒரு வழி: ஒரே காட்சியை 16 முறை எடுத்துச் சராசரி காணுங்கள், இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். அசையும் பொருள் என்றால் விளக்குதான் வாங்க வேண்டும். கேமராவின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அமைப்பை) ஏற்றுவது இரைச்சலையும் சேர்த்தே ஏற்றும்.

## அறிகுறி: இரைச்சல் இல்லை, ஆனால் வேண்டாத விளிம்புகள் நிறைய

புல்தரை, செங்கல் சுவர், நெசவுத் துணி. சமதளத்தின் திட்டவிலக்கத்தை அளந்தால் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனாலும் படம் முழுக்கக் கோடு. இவை பொய் விளிம்பு அல்ல. ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு புல்லுக்கும் உண்மையிலேயே கிரேடியன்ட் இருக்கிறது.

முதலில் சிக்மாவை வேலைப்பாட்டின் அளவுக்கு ஏற்றுங்கள்: நூலுக்கு நூல் 6 பிக்சல் இடைவெளி என்றால் சிக்மா 3 பக்கம். பொருளின் எல்லை வளையும் இடங்களில் கொஞ்சம் உருளும், பொறுத்துக்கொள்ளலாம். அது போதவில்லை என்றால் பைலேட்டரல் ஃபில்டர். மெதுவானது, ஆனால் பெரிய எல்லையைக் காப்பாற்றி உள்ளேயிருக்கும் சின்ன மாற்றங்களை மட்டும் தேய்க்கும். அதற்கடுத்து, வெளிவந்த கோடுகளில் குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்தவற்றை நீக்குங்கள்.

மூன்றும் செய்தும் தீரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். ‘இது சட்டையின் கோடு, இது மனிதரின் எல்லை’ என்று கிரேடியன்டால் பிரிக்க முடியாது. அதற்குத் தெரிந்தது பக்கத்துப் பிக்சலோடு உள்ள வித்தியாசம் மட்டும். மனிதர்கள் கையால் எல்லை வரைந்த படங்களைப் பார்த்துப் பயிற்சி பெற்ற முறைகளுக்கு மாறும் இடம் இது. 2015-இல் வந்த ஹெச்இடி என்ற நியூரல் நெட்வொர்க் அப்படிப்பட்ட ஒன்று. பயிற்சி முடிந்த மாதிரிகளே கிடைக்கின்றன. திரெஷோல்டோடு இன்னும் ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

## அறிகுறி: விளிம்பு துண்டு துண்டாக உடைகிறது

பெரிதாக்கிப் பாருங்கள். கேனி தரும் கோடு ஒரு பிக்சல் அகலம். 4000 பிக்சல் படத்தை 800 பிக்சல் சாளரத்தில் சுருக்கிக் காட்டினால் பாதிக் கோடு திரையிலேயே விழுந்துவிடும். 100 சதவீத அளவில் பார்த்தால் முழுதாக இருக்கும். முதல் சோதனை இதுதான், ஒரு நொடி வேலை.

நிறம் வேறு, கிரே ஒன்று. சிவப்புப் பொருள் பச்சைத் துணிமேல் இருக்கிறது, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது, விளிம்பு மட்டும் வரவில்லை. கிரேஸ்கேல் மாற்றத்தில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 எடை. 200 அளவுள்ள தனிச் சிவப்பும் 102 அளவுள்ள தனிப் பச்சையும் கிரேயில் இரண்டுமே 60 ஆகிவிடும். வித்தியாசம் 0 என்றால் எந்தத் திரெஷோல்டும் உதவாது. கிரேஸ்கேல் படத்தைத் தனியாகத் திறந்து, அதில் உங்கள் கண்ணுக்கு எல்லை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் வண்ணப் படத்தையே கேனிக்குக் கொடுங்கள். ஓபன்சிவி ஒவ்வொரு பிக்சலிலும் எந்தச் சேனலில் கிரேடியன்ட் பெரிதோ அதை எடுத்துக்கொள்ளும். நீங்களே எழுதிய சோபெல் என்றால் சேனல் வாரியாகக் கணக்கிட்டுப் பெரியதை எடுங்கள்.

கெர்னல் அளவை மாற்றிவிட்டுத் திரெஷோல்டை மறந்தது. அதே விளிம்புக்கு 5-க்கு 5 சோபெல் தரும் எண், 3-க்கு 3 தருவதைப்போல 12 முதல் 16 மடங்கு. சோபெலுக்கு மாற்றான ஷார் கெர்னல் 4 மடங்கு. பெரிய கெர்னலிலிருந்து சின்னதுக்கு வந்தால் விளிம்பு மறையும், எதிர்த்திசையில் போனால் குப்பை பொங்கும். கேனியில் இன்னொரு கொக்கியும் உண்டு: அளவைக் கணக்கிட ஓபன்சிவி இயல்பாக இரு திசைகளின் தனிமதிப்பைக் கூட்டும், வர்க்க மூலம் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். 45 பாகையில் சாய்ந்த விளிம்புக்கு இரண்டுக்கும் இடையே 1.41 மடங்கு வித்தியாசம். நேர்விளிம்பு சாய்விளிம்பு இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்றால் வர்க்க மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது திரெஷோல்ட். மேல் திரெஷோல்டைத் தாண்டிய பிக்சலில் கோடு தொடங்கும். கீழ்த் திரெஷோல்டுக்குக் கீழே இறங்காதவரை தொடரும். உடைகிற கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கீழ் எண் அதிகமாக இருப்பது. மேலுக்கும் கீழுக்கும் 2-க்கு 1 முதல் 3-க்கு 1 வரை வைக்கச் சொன்னார் ஜான் கேனி, தன் 1986-ஆம் ஆண்டுக் கட்டுரையில். 3-க்கு 1-இல் தொடங்குங்கள். எந்த எண்ணில் தொடங்குவது என்றால் கிரேடியன்ட் அளவின் பெர்சென்டைலைப் பாருங்கள்: படத்தில் ஏறத்தாழ 5 சதவீதப் பிக்சல்தான் விளிம்பு என்று தோன்றினால் 95-ஆம் பெர்சென்டைல் மேல் எண். பிக்சல் மதிப்புகளின் மீடியனை எடுத்து 0.67, 1.33 என்று பெருக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. படத்தின் வெளிச்சத்துக்கும் அதன் கிரேடியன்டுக்கும் அப்படி நேர் உறவு கிடையாது. வெள்ளைத் தாளில் மங்கலான பென்சில் கோடு என்ற ஒரே உதாரணத்திலேயே அது வழுக்கிவிடும். நான் பரிந்துரைப்பதில்லை.

மூலைகளிலும் மூன்று கோடு சேரும் இடங்களிலும் மட்டும் உடைகிறது என்றால் அது கேனியின் இயல்பு. அந்த இடத்தில் கிரேடியன்ட் திசை குழம்பி, உச்சம் தேடும் படியில் பிக்சல் விழுந்துவிடும். 3-க்கு 3 குளோசிங் (கோட்டைத் தடிமனாக்கி மறுபடி மெலிவாக்கிச் சிறு இடைவெளியை மூடும் படி) ஒருமுறை போட்டால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

## அறிகுறி: விளிம்பு தடிமனாக, அல்லது இரட்டையாக

சோபெலில் வெறும் திரெஷோல்ட் போட்டால் தடிமனாகத்தான் வரும். கூர்மையான விளிம்புக்கே 2 பிக்சல், மங்கலானதற்கு இன்னும் அதிகம். திசையோடு உச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் படி வேண்டும், அல்லது நேராகக் கேனிக்குப் போங்கள்.

பேனாக் கோடு, மின்கம்பி, விரிசல் போன்ற மெல்லிய பொருளுக்கு இரண்டு கோடு வருவது கோளாறே அல்ல. கோட்டுக்கு இரண்டு கரை இருக்கிறது, இரண்டையும் காட்டுகிறது. நடுக்கோடு வேண்டுமென்றால் ஹெஸ்ஸியன் போன்ற இரண்டாம் வகைக்கெழு முறைக்குப் போங்கள், அல்லது கோட்டைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்து மெலிவாக்குங்கள்.

பருமனான பொருளின் எல்லைக்கும் இணையாக ஒரு மங்கல் கோடு ஓடினால், கேமராவின் கூர்மைப்படுத்தலைச் சந்தேகியுங்கள். அது விளிம்பின் இருபுறமும் ஒரு ஒளிவட்டத்தை உண்டாக்கும், அந்த வட்டத்துக்கும் விளிம்பு உண்டு. கேமரா அமைப்பில் ‘ஷார்ப்னெஸ்’ஸை 0-வில் வையுங்கள்.

## அறிகுறி: கட்டம் கட்டமாகக் கோடு

ஜேபெக். படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால், தரம் குறைத்த கோப்பில் கட்டத்தின் ஓரங்களில் பொய்க் கிரேடியன்ட் நிற்கும். நெடுவரிசை வாரியாக எக்ஸ் திசை கிரேடியன்டின் தனிமதிப்பைக் கூட்டி வரைபடம் போடுங்கள். 8 பிக்சலுக்கு ஒருமுறை முள் எழுந்தால் சந்தேகமே இல்லை. வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் இது சகஜம். கேமராவிலிருந்து மூலக் கோப்பையே வாங்குங்கள், கிடைத்தால் பிஎன்ஜியாக. மூலம் கிடைக்காது என்றால் சிக்மா 1.5 பிளர் ஓரளவு மறைக்கும்.

## அறிகுறி: படத்தைச் சுற்றி ஒரு சட்டம்

படத்துக்கு வெளியே 0 இருப்பதாக எண்ணிக் கணக்கிட்டதால் வருவது. ஓபன்சிவியின் சோபெல் ஓரத்தைக் கண்ணாடி போலத் திருப்பிக்கொள்வதால் அங்கே வராது. பைத்தானின் அறிவியல் நூலகமான சைபையின் சிக்னல் பிரிவில் உள்ள இருபரிமாணக் கன்வலூஷன் (படத்தின்மேல் கெர்னலை ஓட்டும் கணக்கு) இயல்பாகவே 0 நிரப்பும், விடைப் படத்தையும் 3-க்கு 3 கெர்னலுக்கு 2 பிக்சல் பெரிதாக்கும். ஓர அமைப்பைச் சமச்சீர் என்றும் அளவை மூலப்படத்தின் அளவென்றும் மாற்றுங்கள்.

## அறிகுறி: திசை தவறாக வருகிறது

கிரேடியன்ட் திசை என்பது வெளிச்சம் கூடும் பக்கத்தைக் காட்டும் கோணம். வெளிச்சச் சதுரத்தின் இடது பக்கத்தில் 0 பாகை, வலதில் 180, மேலே +90, கீழே −90 வரவேண்டும். படத்தில் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போவதால் மேல் பக்கம் +90. பள்ளிக் கணக்கில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் சரிதான்.

0-வும் 90-உம் இடம் மாறியிருந்தால் ஆர்க்டேன் ஃபங்ஷனில் எக்ஸை முதலில் கொடுத்திருக்கிறீர்கள். ஒய் முதலில் வரவேண்டும். இடதும் வலதும் இரண்டும் 0 என்றால் ஒற்றை மதிப்பு வாங்கும் ஆர்க்டேனைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எல்லாமே சரியாக 180 பாகை திரும்பியிருந்தால் கன்வலூஷன் கெர்னலைத் திருப்பிப்போட்டுவிட்டது. ஓபன்சிவியின் ஃபில்டர் திருப்புவதில்லை, சைபையின் கன்வலூஷன் திருப்பும். விளிம்பை மெலிவாக்குவதற்கு இந்த 180 பாகை ஒரு பொருட்டல்ல. எந்தப் பக்கம் வெளிச்சம் என்று கேட்கும் வேலைகளில் எல்லாம் கெட்டுவிடும். சாய்ந்த விளிம்புகளின் கோணம் மட்டும் சிறிது பிசகினால் சோபெலை விட்டு ஷார் போடுங்கள். எடைகள் 3, 10, 3. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவே அது வடிவமைக்கப்பட்டது.

## அறிகுறி: நேற்று சரியாக இருந்தது, இன்று இல்லை

நிரலைத் தொடாதீர்கள். நேற்றைய படம் ஒன்றையும் இன்றைய படம் ஒன்றையும் எடுத்து, இரண்டின் சராசரி வெளிச்சத்தையும் கிரேடியன்ட் பெர்சென்டைலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பெர்சென்டைல் எல்லாம் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரோ (ஒளியை உள்ளே விடும் நேரம்) கெயினோ நகர்ந்திருக்கிறது. இரண்டையும், வெள்ளைச் சமநிலையையும் சேர்த்து, கையால் பூட்டுங்கள். 99-ஆம் பெர்சென்டைல் மட்டும் விழுந்திருந்தால் ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது அல்லது லென்ஸில் தூசியோ எண்ணெய்ப் பூச்சோ படிந்திருக்கிறது; துடைத்துவிட்டு மறுபடி அளவெடுங்கள். படத்துக்குப் படம் ஏறி இறங்கினால், அல்லது கிடைக்கோடாகப் பட்டை ஓடினால், விளக்கின் துடிப்பு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். எக்ஸ்போஷரை 10, 20, 30 மில்லிநொடி என்று 10-இன் மடங்கில் வைத்தால் அடங்கும். பொருள் வேகமாக ஓடுகிறது, அவ்வளவு நேரம் திறக்க முடியாது என்றால் நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்இடி விளக்கு வாங்குங்கள்.

## அறிகுறி: நிழலும் பளபளப்பும் விளிம்பாகின்றன

நிரலில் நேரம் செலவிட வேண்டாத இடம். மினுக்கும் உலோக வாஷரின் மேல் விழும் ஒளிப்புள்ளிக்கு, வாஷரின் எல்லையைவிடப் பெரிய கிரேடியன்ட் இருக்கும். எந்தத் திரெஷோல்டும் இரண்டையும் பிரிக்காது.

செலவில்லாத சோதனை: விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஒளி பரவி நிழல் மென்மையாகி, பொய் விளிம்பு குறைந்தால் பரவலான ஒளிதான் தீர்வு என்று தெரிந்துவிடும். பொருளின் வெளிவடிவம் மட்டும் வேண்டுமென்றால் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுங்கள். பொருள் முழுக்கக் கறுத்து, எல்லை மட்டும் நிற்கும். பிளாஸ்டிக், கண்ணாடிப் பளபளப்புக்கு விளக்கின் முன் ஒரு போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு), லென்ஸின் முன் அதற்குக் குறுக்காக இன்னொன்று. மேற்பரப்பில் பொறித்த எழுத்தும் கீறலும் வேண்டுமென்றால் விளக்கைத் தாழ்த்தி, பரப்பை உரசிப் போகும் கோணத்தில் வையுங்கள்.

## எந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுவது

சோதனைச் சதுரம் சரியாக வருகிறது. பிளர் போட்ட பிறகும் உங்கள் பொருளின் விளிம்பு, சமதள இரைச்சல் ஆட்டத்தைப்போல 5 மடங்குகூட இல்லை. தாள் பிடித்துப் பார்த்தும் மாறவில்லை. அப்படியானால் மெஷின் விஷன் ஒளியமைப்பு தெரிந்தவரிடம் போங்கள், நிரலாளரிடம் அல்ல.

அளவெடுக்கும் வேலையில், பொருள் சற்று முன்னே பின்னே நகர்ந்தாலே அளவு மாறுகிறது என்றாலும் அப்படியே. சாதாரண லென்ஸில் கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும். அதை நிரலில் திருத்துவதைவிட, தூரம் மாறினாலும் ஒரே அளவாகக் காட்டும் டெலிசென்ட்ரிக் லென்ஸ் போடுவதே வழி. விலை அதிகம், பார்க்கும் பரப்பைவிட லென்ஸின் முகப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் இடமும் கேட்கும். அதனால் அதை வாங்கும் முன் கட்டாயம் ஒருவரைக் கேளுங்கள்.

போகும்போது திரைப்பிடிப்பு எடுத்துப் போகாதீர்கள். சுருக்காத மூலப்படங்கள், நல்லது சிலவும் கெட்டது சிலவும். எக்ஸ்போஷர், கெயின் எண்கள். விளக்கும் கேமராவும் பொருளும் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு பக்கவாட்டுப் படம். கூடவே, எத்தனை மில்லிமீட்டர் பிசகு வரை பொறுத்துக்கொள்ள முடியும் என்ற எண். அந்த எண் இல்லாமல் அவரால் லென்ஸைத் தேர்ந்தெடுக்க முடியாது.